காரில் வானொலிக்கு இருந்த தனியிடம்

ஜப்பானில் பாவித்த கார்களை வாங்கிய இலங்கையர் பலருக்கு ஓர் ஏமாற்றம் பழக்கமானது. கார் நன்றாக ஓடும். அதனுடன் வந்த வானொலியிலோ நமது நிலையங்களிற் பெரும்பாலானவை கேட்கமாட்டா. பெட்டி பழுதடைந்ததல்ல காரணம். ஜப்பானியப் பண்பலை நீண்ட காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை அமைந்திருந்தது. அதற்கு மேல் 108 வரையான இடத்தில் அந்நாட்டுத் தொலைக்காட்சி இயங்கியது. இலங்கைப் பண்பலையோ 87.5 முதல் 108 வரை பரந்தது.

அலையெண்ணைக் கீழிறக்கும் சிறு கருவியை அன்டெனா வயரில் பொருத்தலாம். ஆனால், அப்போது பெட்டி காட்டும் எண் நிலையத்தின் எண்ணாக இராது. ஆகவே பலர் பெட்டியையே மாற்றினர்.

ஒரு காலத்தில் இது எளிய வேலை. 1930 இல் சிகாகோவின் கல்வின் நிறுவனம் மோட்டரோலா என்ற பெயரில் விற்ற கார் வானொலி, வாகனத்துக்கு வெளியே இருந்து வந்து சேர்ந்த பொருளே. பின்னர் ஜேர்மனியில் வகுக்கப்பட்ட அளவு சர்வதேச நியமமாயிற்று: சுமார் 18 சென்ரிமீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் உயரம். ஜப்பானியர் உயரத்தை இரட்டிப்பாக்கினர். எவருடைய காரிலும் எவருடைய வானொலியும் பொருந்தியது.

1986 இல் பொஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'கான்' எனும் தரவு இணைப்பு முறை நிலைமையை மாற்றியது. வாகனத்தின் உறுப்புகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. காலப்போக்கில் வானொலியும் அவற்றுள் ஒன்றாயிற்று. 2000களில் ஜெனரல் மோட்டர்ஸ் கார்கள் பலவற்றில் எச்சரிக்கை மணியோசைகூட வானொலியின் வழியாகவே ஒலித்தது. பெட்டியைக் கழற்றினால் அந்த எச்சரிக்கையும் மௌனமாகும்.

இன்று பெட்டியை மாற்றுபவர் ஸ்டியரிங்கிலுள்ள பொத்தான்களையும் பின்புறக் கமராவையும் காப்பாற்ற வேண்டியுள்ளது. பொத்தான்கள் பல கார்களில் வெவ்வேறு மின்தடையைத் தருவன. அவற்றைப் புதிய பெட்டிக்குக் கற்பிக்கலாம். 'கான்' வழிப் பேசும் கார்களுக்கு மொழிபெயர்ப்பாளர் போன்ற இடைக்கருவி தேவை. எதுவாயினும் மூல வயர்களை வெட்டாது, பொருத்தமான இணைப்பிகளைப் பாவிப்பதும் பழைய பெட்டியைப் பத்திரப்படுத்துவதும் நன்று.

குளிரூட்டியின் கட்டுப்பாடும் ஒரே திரைக்குள் அடங்கிவிட்ட புதிய கார்களில் இந்த வழியும் அடைபட்டு வருகிறது. வானொலிக்கென ஒதுக்கப்பட்ட அந்தச் சிறு துவாரம் அளவு பற்றிய உடன்பாடு மட்டுமன்று. வாங்கியவனின் தெரிவுக்கு உற்பத்தியாளர் விட்டுவைத்த இடமும் அதுவே.