லாரி ஓட்டுநரின் எட்டு மணி நேரம்

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்.கே.பேட்டை. விசைத்தறி ஊர். தறிக்கு வேண்டிய நூல் லாரியில் வருகிறது. நெய்த துணி லாரியில் போகிறது. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கிருந்து இரும்புக் கம்பியும் இயந்திரப் பாகங்களும் ஏற்றிய டிரெய்லர்கள் சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவு பகலாக ஓடுகின்றன. சரக்குக்கு பில் உண்டு, எடைச்சீட்டு உண்டு. ஓட்டுகிறவர் எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார் என்பதற்கு மட்டும் பெரும்பாலும் எந்தச் சீட்டும் கிடையாது. இத்தனைக்கும் அதற்கான சட்டம் இந்தியாவில் 1939-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கதையைப் பார்க்கலாம்.

முதல் விதிகள்

லாரிகள் பெருகத் தொடங்கிய காலத்திலேயே ஓட்டுநரின் களைப்பு பொதுப் பிரச்சினை ஆகிவிட்டது. தொடர்ந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேலும், 24 மணி நேரத்தில் மொத்தம் 11 மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக் கூடாது என்று பிரிட்டன் 1930-இல் சட்டம் போட்டது. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து நேர விதிகள் வந்தன. 1939-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 67-ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் அடிப்படை. ஒவ்வொரு ஓட்டுநருக்கும் வேலை நேரத்தைக் குறித்து வைக்கத் தனிப் புத்தகம் இருக்க வேண்டும் என்றும் அது சொன்னது.

அதே 1939-இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 65-ஆம் பிரிவின்படி, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு கட்டாயம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் என்பது உச்சவரம்பு.

1961-ஆம் ஆண்டுச் சட்டம்

சுதந்திரத்துக்குப் பின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 வந்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நீண்ட தூர வழித்தடங்களில், அனுமதி பெற்று, 10 மணி நேரமும் 54 மணி நேரமுமாக நீட்டலாம். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. படித்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான்.

ஆனால் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்குத்தான் இது நேரடியாகப் பொருந்தும். நம் நாட்டில் லாரித் தொழில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களின் கையில் இருப்பது. ஒரு ஓட்டுநர், ஒரு கிளீனர் என்று ஓடும் வண்டி கணக்கிலேயே வராது.

இரண்டாவது, 'வேலை நேரம்' என்பதன் விளக்கம். ஓட்டும் நேரமும், சரக்கு ஏற்றி இறக்கும் வேலையும் அதில் அடங்கும். ஆனால் முனையத்தில் சும்மா காத்திருப்பதில் கால் மணி நேரத்துக்கும் குறைவானதையே அந்த விளக்கம் வெளிப்படையாகச் சேர்த்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசைகட்டி நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். வண்டி நகர நகர நகர்த்த வேண்டும், கண்ணயர முடியாது. அது வேலையா, ஓய்வா?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு முதல் ஓட்டையைக் காகிதத்தில் அடைத்தது. போக்குவரத்து வாகனத்தை இயக்கும் எவருக்கும் 1961 சட்டத்தின் வேலை நேரமே பொருந்தும் என்றது. உரிமையாளர்கள் வேலை நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று மாநில அரசு கட்டளையிடவும் அதிகாரம் தந்தது. ஆனாலும் நெடுஞ்சாலையில் போகிற லாரியை நிறுத்தி, "எப்போது தூங்கினீர்கள்?" என்று யார் கேட்பது, எதை வைத்துச் சரிபார்ப்பது?

இயந்திரம் எழுதும் கணக்கு

இந்தக் கேள்விக்கு ஐரோப்பா கண்ட விடை டாக்கோகிராஃப். வேகத்தையும் ஓடிய நேரத்தையும் வட்டமான அட்டையில் தானே கீறிப் பதிவு செய்யும் கருவி. 2006 மே மாதம் முதல் புதிய வண்டிகளுக்கு டிஜிட்டல் வடிவம் கட்டாயமானது. அமெரிக்காவில் ஓட்டுநர்கள் பல்லாண்டுகள் கையால்தான் கணக்கு எழுதினார்கள். அந்தப் புத்தகத்தில் பொய் எழுதுவது சுலபம். 2017 டிசம்பரில், என்ஜினோடு இணைத்த மின்னணுப் பதிவுக் கருவி அங்கே கட்டாயமானது.

அதன் விளைவு கவனிக்கத்தக்கது. நேர மீறல்கள் குறைந்தன. ஆனால் சிறு நிறுவனங்களின் ஓட்டுநர்களிடம் வேக மீறல் போன்றவை கூடின என்றும், விபத்துகள் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றும் ஓர் ஆய்வு காட்டியது. காரணம் எளிது. நேரம் எண்ணப்படுகிறது, கூலியோ ஓடிய மைலுக்கு. எனவே அதே தூரத்தைக் குறைந்த நேரத்தில் ஓட்டினார்கள்.

இங்கே நடந்தது

இந்தியாவிலும் கருவிகள் வராமல் இல்லை. 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. பல உரிமையாளர்கள் ஜி.பி.எஸ். பொருத்தி வண்டி எங்கே நிற்கிறது என்று செல்போனில் பார்க்கிறார்கள். சரக்கையும் வரியையும் டீசலையும் கண்காணிக்க இத்தனை வழிகள். ஓட்டுநரின் தூக்கத்தைக் கணக்கெடுக்க அமெரிக்கா, ஐரோப்பா போல ஒரு கட்டாயக் கருவி மட்டும் வரவில்லை. மாறாக, தேசிய பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2018-இல் நீக்கப்பட்டது.

2020-இல் வெளியான சேவ்லைஃப் அறக்கட்டளையின் ஆய்வில், லாரி ஓட்டுநர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டுவதாகத் தெரியவந்தது. களைப்பாகவோ தூக்கமாகவோ இருக்கும்போதும் ஓட்டுவதாகப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு மிக அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. விமானிகளைப் போல லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021 செப்டம்பரில் சொன்னார். அந்த நேரம் 60 ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1961 சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் அடங்கிப் போனது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்ற எண் அதிலும் இருக்கிறது.

1939 முதல் இன்று வரை எண்கள் மாறியிருக்கின்றன. விதி இல்லாமல் இருந்ததில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வரை, லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்குக் காசு இல்லாத வரை, ஓட்டுநர் தன் தூக்கத்தைத்தான் குறைத்துக்கொள்வார். கருவி பொருத்துவதானால் அதோடு இந்த இரண்டையும் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் ஆர்.கே.பேட்டையிலிருந்து துணி ஏற்றிப் போகும் லாரியில் துணிக்கு மட்டும்தான் கணக்கு இருக்கும்.