வீதி யாருடையது, பஸ் யாருடையது? பிரதேச சபை வாக்காளர் அறிய வேண்டியவை

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலின்போது வன்னிக் கிராமங்களில் நான் அதிகம் கேட்ட வாக்குறுதிகள் இரண்டு: "றோட்டுப் போட்டுத் தருவம்", "பஸ் விடுவிப்பம்". கிளினிக்குக்குப் போகும் முதியவருக்கும், மாலை வகுப்பு முடிந்து தனியே திரும்பும் பிள்ளைக்கும் இவை சிறிய விடயங்கள் அல்ல. ஆனால் இவற்றில் எதைச் செய்யும் அதிகாரம் பிரதேச சபையிடம் இருக்கிறது என்பதைப் பலரும் சொல்லவில்லை.

வீதிகள் மூன்று கைகளில் உள்ளன. ஏ, பீ தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ஏ-9, மாங்குளம் – முல்லைத்தீவு ஏ-34, பரந்தன் – முல்லைத்தீவு ஏ-35 எல்லாம் இதற்குள் அடங்கும். சீ, டீ தர வீதிகள் மாகாண சபைக்குரியவை. அவற்றுக்கும் கீழே வரும் உள் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பிரதேச சபையின் பொறுப்பு.

வட்டுவாகல் பாலம் இதற்கு நல்ல உதாரணம். 2009 மே மாதத்தில் எங்கள் சனம் நடந்து கடந்த அந்த ஒடுங்கிய பாலம் ஏ-35இல் இருக்கிறது. அதனால் அதைப் பிரதேச சபை தொட முடியாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்ட பின்னரே புதிய பாலத்துக்கான பணி தொடங்கியது.

பஸ்ஸும் அப்படித்தான். இ.போ.ச. மத்திய அரசுக்குரியது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு வழி அனுமதி வழங்குவது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாணம் விட்டு மாகாணம் ஓடுவதற்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. மாணவருக்கான சிசு செரிய, பின்தங்கிய கிராமங்களுக்கான கெமி செரிய சேவைகளும் அந்த ஆணைக்குழுவின் திட்டங்களே.

சிக்கல் நடுவில் இருக்கிறது. வட மாகாண சபைத் தேர்தல் கடைசியாக 2013இல் நடந்தது. 2018 ஒக்ரோபருடன் அச்சபையின் காலம் முடிந்தது. சீ, டீ வீதிகளையும் தனியார் பஸ் அனுமதிகளையும் அதன்பின் ஆளுநரின் கீழ் அதிகாரிகளே பார்க்கின்றனர். தட்டிக்கேட்க மக்கள் தெரிவுசெய்த ஒருவர் அங்கு இல்லை. பிரதேச சபைகளும் 2023 மார்ச் முதல் இந்தத் தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமலே இயங்கின. அப்போது அங்கும் இதே நிலைதான்.

அதற்காகப் பிரதேச சபை கையாலாகாதது என்று சொல்வதற்கில்லை. உள் வீதிக்குக் கிறவல் போடுவது, மதகு திருத்துவது, வாய்க்கால் வெட்டுவது, வீதி விளக்குப் பொருத்துவது, பஸ் நிழற்குடை அமைப்பது எல்லாம் அதனால் முடியும். பஸ் நேரத்தை மாற்றுமாறு சபையில் தீர்மானம் எடுத்து உரிய இடத்துக்கு அனுப்பவும் முடியும். நல்ல வீதி இருந்தால்தான் பஸ் உள்ளே வரும் என்பதால் இது முக்கியம்.

எனவே வட்டார உறுப்பினரிடம் மூன்றைக் கேளுங்கள். எங்கள் வீதி எந்தத் தரம்? சபையின் வீதிப் பட்டியலில் அது உள்ளதா? இந்த ஆண்டு பாதீட்டில் அதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது? பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம்.