பார்த்தெழுதக் கற்றவர்கள்: பிரிட்டனில் குழந்தை உளநல ஆய்வும் பயிற்சியும், 1927–1997

பிரிட்டனில் குழந்தை உளநலத் துறை வளர்ந்த கதையைப் பெரும்பாலும் கோட்பாடுகளின் மோதலாகவே எழுதுகிறார்கள். உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா ஃபிராய்ட் ஒருபுறம், மெலனி கிளைன் மறுபுறம், இடையே ஜான் பௌல்பி. இக்கட்டுரை பின்தொடர்வது வேறோர் இழை. குழந்தைகளோடு அன்றாடம் பழகியவர்களுக்கு எதைப் பார்ப்பது, பார்த்ததை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொடுத்த பயிற்சிகளிலிருந்தே அங்கு நல்ல ஆய்வு கிளைத்தது. பயிற்சி மாறியபோதெல்லாம் ஆய்வின் கேள்விகளும் மாறின.

தொடக்கம் குழந்தை வழிகாட்டு மருத்துவமனைகள். 1927இல் உளமருத்துவர் இமானுவேல் மில்லர் கிழக்கு லண்டனில் ஒன்றைத் தொடங்கினார். 1929இல் அமெரிக்கக் காமன்வெல்த் நிதியத்தின் உதவியால் இஸ்லிங்டனில் மற்றொன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டு, அதே நிதியத்தின் ஆதரவில், லண்டன் பொருளியல் பள்ளியில் உளமருத்துவச் சமூகப்பணியாளர்களுக்கான படிப்பும் தொடங்கியது. உளமருத்துவர், உளவியலாளர், சமூகப்பணியாளர் மூவரும் ஒரே குழந்தையைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசும் வழக்கம் இங்கேதான் வேரூன்றியது. ஆனால் வாசல் தேடி வந்த குழந்தைகளை மட்டுமே அவர்கள் அறிந்தார்கள். இஸ்லிங்டன் மருத்துவமனையின் பதிவுகளைக் கொண்டு பௌல்பி 1944இல் வெளியிட்ட கட்டுரை திருட்டில் சிக்கிய 44 சிறாரை அதே அளவு வேறு சிறாரோடு ஒப்பிட்டது. பரிவற்றவர்கள் என்று அவர் வகைப்படுத்திய 14 பேரில் 12 பேர் இளவயதிலேயே தாயை நெடுங்காலம் பிரிந்தவர்கள். வலுவான தடயம்தான். ஆனால் குழந்தையை வகைப்படுத்தியவரும் பிரிவைக் கணக்கெடுத்தவரும் ஒருவரே என்பதால் அதை முடிவாகக் கொள்ள இயலாது.

போர்க்காலம் பார்வையைக் கூர்மையாக்கியது. அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்கமும் 1941இல் தொடங்கிய ஹாம்ப்ஸ்டெட் போர்க்காலக் காப்பகத்தில், பணியாளர் எவராயினும் தாம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதித் தர வேண்டும். கொதிகலன் பார்த்துக்கொள்ளவும் சில்லறைப் பழுதுகள் நீக்கவும் வேலைக்குச் சேர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் எழுதினார். கிளாஸ்கோ பக்கத்துத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1948இல் லண்டனின் டாவிஸ்டாக் மருத்துவமனையில் பௌல்பி அவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டதற்கு அந்த அட்டைப் பயிற்சியே காரணம். இந்தத் துறையின் வரலாற்றில் இதைவிடப் பொருத்தமான தேர்வை நான் காணவில்லை.

பௌல்பி அவரை மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினார். நம் ஊரில் பிள்ளை படுத்திருக்கும் கட்டிலடியில் தாயோ பாட்டியோ பாய் விரித்துக் கிடப்பது இயல்பு. அன்றைய இங்கிலாந்தில் அதற்கு இடமே இல்லை. பல மருத்துவமனைகள் வாரத்தில் ஓரிரு மணி நேரமே பெற்றோரை உள்ளே விட்டன, சில அதையும் தடுத்தன. பெற்றோர் வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அடங்கிவிடுகிறது என்பது செவிலியரின் அனுபவம். அந்த அடக்கத்தைத்தான் ராபர்ட்சன் நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, இறுதியில் தாயிடமிருந்தே விலகிப்போதல் என்று மூன்று கட்டங்கள் அவருக்குத் தெரிந்தன. குழந்தை தேறிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தது மூன்றாவது கட்டத்தை.

மருத்துவர்கள் நம்பவில்லை. எனவே அவர் ஒரு திரைப்படக் கருவியைக் கையில் எடுத்தார். காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒரு குழந்தை தற்செயல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டது. வேண்டிய தருணங்களை மட்டும் பொறுக்கியதாக யாரும் சொல்லாதிருக்க, நாள்தோறும் குறித்த நேரத்திலேயே படம்பிடித்தார். சுவர்க் கடிகாரம் அதற்குச் சாட்சி. தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்கிய அந்தக் குழந்தை லாரா, அதிகம் அழாதவள். அழாத முகத்தில் நாளுக்கு நாள் கூடும் துயரத்தைத்தான் படம் காட்டுகிறது. 1952இல் ராயல் மருத்துவச் சங்கத்தில் திரையிடப்பட்டபோது, மருத்துவமனைகளுக்கு அவதூறு என்று அங்கிருந்தோர் பலர் கொதித்தார்கள். 1959இல் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் தடையின்றி வந்துபோகவும் சிறு குழந்தைகளுடன் தாய் தங்கவும் பரிந்துரைத்தது. குழந்தையின் உணர்வுத் தேவைகளை மருத்துவர், செவிலியர் பயிற்சியில் சேர்க்கச் சொன்னதும் அதே அறிக்கைதான். மருத்துவமனைகள் மாற மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

ராபர்ட்சன் சேர்ந்த அதே 1948இல், டாவிஸ்டாக்கின் மற்றொரு அறையில், உளப்பகுப்பாய்வாளர் எஸ்தர் பிக் உளச்சிகிச்சை மாணவர்களை ஒரு சாதாரண வீட்டுக்கு வாரம் ஒருமுறை அனுப்பத் தொடங்கினார். பிறந்த குழந்தையை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும், அங்கே குறிப்பெடுக்கக் கூடாது, அறிவுரையும் கூடாது, வந்தபின் எழுதிக் குழுவில் படிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள். இன்றும் பல நாடுகளில் இப்பயிற்சி தொடர்கிறது.

1956இல் இத்துறையினருக்கு ஒரு பொதுச் சங்கம் பிறந்தது, 1960இல் அதன் ஆய்விதழ். அடுத்த பெரிய திருப்பம் உளமருத்துவர் மைக்கேல் ரட்டரிடமிருந்து வந்தது. ஜாக் டிசார்ட், கிங்ஸ்லி விட்மோர் ஆகியோருடன் 1964–65இல் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைட் தீவில் 10, 11 வயதுப் பிள்ளைகள் 2,000 பேருக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தார். சிகிச்சைக்கு வராதவர்களும் முறையாகக் கணக்கில் வந்தார்கள். பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய கேள்வித்தாள் முதல் சல்லடை; அதில் சிக்கல் காட்டியவர்களிடம் நேர்காணல் இரண்டாவது. 6.8 விழுக்காட்டினருக்கு உளநலக் கோளாறு இருந்தது. அவர்களில் சிகிச்சை பெற்றுவந்தவர்கள் மிகச் சிலரே. வாசிப்பில் பின்தங்குவதற்கும் நடத்தைச் சிக்கலுக்கும் நெருங்கிய தொடர்பு தெரிந்தது. பின்னர் லண்டன் நகரின் நெரிசல் மிகுந்த பகுதியொன்றில் இதே முறையைக் கையாண்டபோது விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. குழந்தையின் மனம் அதன் வீட்டோடும் பள்ளியோடும் தெருவோடும் பிணைந்தது என்பதற்கு இதனால் எண்ணிக்கையிலான ஆதாரம் கிடைத்தது.

அந்த ஆதாரத்தோடுதான் ரட்டர் 1972இல் பௌல்பியை மறுபரிசீலனை செய்தார். பிரிவு ஒன்றே கேடு விளைவிப்பதில்லை, பிரிவைச் சுற்றியுள்ள குடும்பச் சச்சரவும், ஒருவரோடும் பிணைப்பே உருவாகாத நிலையும் வெவ்வேறு விளைவுகளைத் தருகின்றன என்றார். இதைப் பௌல்பியின் தோல்வியாகச் சிலர் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அட்டையில் எழுதப்பட்ட ஒரு குழந்தையின் துயரம் இல்லாமல் தீவு முழுக்கக் கேட்க வேண்டிய கேள்வியே எழுந்திருக்காது.

வளரிளம் பருவத்தினரைப் பற்றிய கண்டுபிடிப்பு இன்னும் முக்கியமானது. அதே தீவுப் பிள்ளைகள் 14, 15 வயதை எட்டியபோது மீண்டும் சந்தித்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த வயதில் எல்லோருமே கொந்தளிப்பில் இருப்பார்கள் என்ற பொதுநம்பிக்கை மிகையானது. பெரும்பாலோர் பெற்றோரோடு இணக்கமாகவே இருந்தார்கள். ஆனால் கணிசமானோர் நேர்காணலில் தங்கள் வேதனையைச் சொன்னார்கள். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பெரியவர்களின் கண்ணை மட்டும் நம்பிய முறையின் எல்லை இங்கே தெரிந்துவிட்டது.

உளமருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கேள்விகள் கொண்ட படிவம் ரட்டரின் கேள்வித்தாள்களிலிருந்து வளர்ந்தது. குறைகளோடு நிறைகளையும் கேட்டது, 11 வயதை எட்டியவர்கள் தாமே நிரப்பவும் வகை செய்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் இன்று கிடைக்கிறது. பள்ளிகளில் இதை நிரப்பச் சொல்லி மதிப்பெண் கூட்டுவது எளிது. வைட் தீவிலோ கேள்வித்தாள் யாரிடம் பேச வேண்டும் என்பதை மட்டுமே சொன்னது. கோளாறு உண்டா என்பதைப் பயிற்சி பெற்ற ஒருவர் குடும்பத்தோடும் பிள்ளையோடும் பேசித்தான் முடிவு செய்தார். படிவம் மட்டும் வந்துசேரும் இடங்களில் அந்த ஆராய்ச்சியின் முதல் பாதியே வந்துசேர்ந்திருக்கிறது.