சிங்கத்தோலும் நரித்தோலும்

காக்கையின் வாயிலிருந்த வடையைப் புகழ்மொழியால் விழச் செய்த நரியின் கதையை அறியாத பிள்ளை தமிழகத்தில் இல்லை. கதை கேட்ட பிள்ளை சிரிக்கிறது. காக்கை ஏமாந்தது, நரி வென்றது, கதை முடிந்தது! ஆனால் வரலாற்றின் ஏடுகளைப் புரட்டுகிறோம். அங்கே அந்த நரி படை நடத்தியிருக்கிறது, முடிசூடி அமர்ந்திருக்கிறது, வாக்குறுதி தந்து, அதை நம்பி வந்தவர்களின் கழுத்தை அறுத்திருக்கிறது. அப்போது நம்மால் சிரிக்க முடிவதில்லை.

சூழ்ச்சியைப் பற்றி மன்னரும் மதியூகிகளும் மொழிந்தவை பல. அவற்றுள் ஒன்று, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நாடுவிட்டு நாடு சென்று, நாவுவிட்டு நா மாறி, இன்றும் உயிரோடு உலவுகிறது. சிங்கத்தையும் நரியையும் பற்றிய மொழி அது. அதை முதலில் சொன்னவன் யார், மறுத்தவர் யார், மீண்டும் எடுத்துச் சொன்னவர் யார் என்பதைக் காண்போம். ஒரு மொழி பிறந்த கதையை அறிந்தால், அதன் நஞ்சில் பாதி இறங்கிவிடும் அல்லவா?

முதலில் கிரேக்க நாடு. கி.மு. 405-இல் ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர், ஈகோஸ்பொட்டாமி என்னுமிடத்தில் ஏதென்ஸ் நகரின் கடற்படையை அடியோடு அழித்தான். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் பணிந்தது. 27 ஆண்டுகள் நீண்ட போர் முடிந்தது. வெற்றி வீரன்தான், ஆயினும் அவன்மீது ஒரு குறை சொல்லப்பட்டது. ஸ்பார்ட்டாவின் மன்னர்கள் தங்களை ஹெர்குலிஸ் வழியினர் என்று சொல்லிக் கொள்பவர்கள். ஹெர்குலிஸோ சிங்கத்தோல் போர்த்திய வீரன். அவன் மரபில் வந்தோர் வஞ்சனையால் வெல்லலாமா என்று கேட்டனர். லைசாண்டர் நகைத்தான். சிங்கத்தோல் எட்டாத இடத்தில் நரித்தோலை வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றான். சிறுவரைச் சூதுகாயால் ஏமாற்று, பெரியவரைச் சத்தியத்தால் ஏமாற்று என்பதும் அவன் கொள்கை என்பர். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அவன் வரலாற்றை எழுதிய புளூட்டார்க் இவற்றைப் பதிந்து வைத்தார்.

மொழி அழகாகத்தான் இருக்கிறது. அதன் விலை என்ன தெரியுமா? மிலேட்டஸ் நகரம். மக்களாட்சி வேண்டியவர்கள் ஒருபுறம், செல்வர் சிலரின் ஆட்சி வேண்டியவர்கள் மறுபுறம். மக்கள் கட்சியின் தலைவர்கள் தப்பி ஓடிவிடுவார்களோ என்று லைசாண்டர் அஞ்சினான். உங்களுக்குத் தீங்கு செய்யேன் என்று ஆணையிட்டான். ஓட நினைத்தோர் நின்றனர், ஒளிந்திருந்தோர் வெளிவந்தனர். அத்தனை பேரையும் எதிர்க்கட்சியினரின் கையில் கொடுத்துவிட்டான். வெட்டுண்டவர்கள் 800 பேருக்குக் குறையாது என்கிறார் புளூட்டார்க். நரித்தோலைத் தைத்த ஊசி எங்கே குத்தியது என்று பார்த்தீர்களா?

அடுத்து ரோமாபுரி. கி.மு. 44. மார்ச் திங்களில் ஜூலியஸ் சீசர் குத்துண்டு வீழ்ந்தான். அதே ஆண்டில் சிசரோ, ஏதென்சில் கல்வி பயின்ற தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் சிங்கமும் நரியும் மீண்டும் வருகின்றன. அநீதி இரு வழிகளில் வரும்; வன்முறை சிங்கத்தின் வழி, வஞ்சனை நரியின் வழி; இரண்டுமே மனிதனுக்கு அடாதவை; இரண்டிலும் வஞ்சனையே பெரும் வெறுப்புக்குரியது. இதுவே அவர் துணிபு. அதற்கும் ஒருபடி மேலே போகிறார். பிறரை மிகுதியாக ஏமாற்றும் வேளையிலேயே தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்வோரின் அநீதியே எல்லாவற்றிலும் கொடியது என்கிறார்.

எழுதியவருக்கு நேர்ந்தது என்ன? சீசரின் வாரிசான இளைஞன் ஒக்டேவியன், சிசரோவின் நாவன்மையைத் தன் உயர்வுக்குப் பயன்படுத்திக் கொண்டான். பிறகு அன்டோனியோடு உடன்பாடு கண்டான். கொல்லப்பட வேண்டியோர் பட்டியல் ஒன்று எழுந்தது. அதில் சிசரோவின் பெயரும் இருந்தது. கி.மு. 43 டிசம்பர் 7-ஆம் நாள் அவர் தலை துண்டிக்கப்பட்டது. நரியைப் பழித்து எழுதிய பேரறிஞரால், பக்கத்திலே நின்ற நரியை அறிந்துகொள்ள முடியவில்லை. தூய எண்ணம் மட்டும் போதாது, தோழர்களே! கண்ணும் வேண்டும்.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தாண்டி, இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகருக்கு வருகிறோம். அங்கே குடியரசின் செயலராக 1498 முதல் 1512 வரை பணியாற்றியவர் மாக்கியவெல்லி. மெடிசி குடும்பத்தார் மீண்டும் ஆட்சியைப் பிடித்தனர்; குடியரசு வீழ்ந்தது; மாக்கியவெல்லியின் பதவி போயிற்று. 1513-இல் சதிகாரர் என ஐயுற்று அவரைச் சிறையில் தள்ளினர். கைகளைப் பின்புறம் கட்டிக் கயிற்றில் தூக்கி வதைத்தனர். விடுதலையான பின், நகருக்கு வெளியே ஒரு சிற்றூரில் ஒதுங்கியிருந்து அவர் எழுதியதே ‘அரசன்’ எனும் சிறுநூல்.

அதன் 18-ஆம் பிரிவில் நம் சிங்கமும் நரியும் நிற்கின்றன. சிசரோ ஒதுக்கியதை இவர் எடுத்துக்கொண்டார். சிங்கத்துக்குக் கண்ணி தெரியாது. நரிக்கு ஓநாயை எதிர்க்கும் வலிமை கிடையாது. ஆதலால் அரசன் இரண்டுமாக இருக்க வேண்டும் என்றார். வாக்கைக் காப்பது தனக்குக் கேடாகுமானால் காக்க வேண்டியதில்லை என்றார். இரக்கம், நேர்மை, பக்தி இவை இருப்பதுபோல் தோன்றினால் போதும், அதிலும் பக்திமான் என்ற தோற்றம் மிக மிகத் தேவை என்றார். சான்றுக்கு யாரைக் காட்டினார்? போப்பாண்டவர் ஆறாம் அலெக்சாண்டரை! அவர் ஏமாற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஏமாறுவதற்கும் ஆள் இல்லாமற் போகவில்லை என்று எழுதினார்.

மாக்கியவெல்லி மறைந்தது 1527-இல். நூல் அச்சானது 1532-இல். 1559-இல் போப்பின் தடைப்பட்டியலில் அவர் எழுதிய அனைத்தும் சேர்ந்தன. ஆங்கில நாடக மேடையில் மார்லோ அவரைக் கொடுமையின் உருவாக நிறுத்தினார். முடிவு நல்லதாயின் வழி எதுவாயினும் சரி என்ற வாசகத்தைக்கூட அவர் தலையில் கட்டினர். ‘அரசன்’ நூலில் அப்படி ஒரு வாசகமே இல்லை. சூழ்ச்சியைச் செய்தவர்கள் மாமன்னர்கள்; சூழ்ச்சி இப்படித்தான் நடக்கிறது என்று எழுதியவன் பேய்! என்னே உலகத்தின் நீதி!

இந்த நீதி எப்படிப்பட்டது என்பதற்குப் பிரஷ்ய நாட்டின் இரண்டாம் பிரெடெரிக் ஒரு விளக்கம். இளவரசனாக இருந்தபோது, மாக்கியவெல்லியை வரிக்கு வரி மறுத்து ஒரு நூல் எழுதினான். அரசன் நேர்மையின் நிலைக்களனாக இருக்க வேண்டும் என்று அதில் முழங்கினான். வால்டேர் அதைத் திருத்தி 1740-இல் வெளியிட்டார். அதே ஆண்டு மே திங்களில் பிரெடெரிக் அரியணை ஏறியிருந்தான். அக்டோபரில் ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் இறந்தார். அவர் மகள் மரியா தெரசாவின் உரிமையைப் பிரெடெரிக்கின் தந்தை முன்னரே ஏற்றுக் கையொப்பமிட்டிருந்தார். டிசம்பர் 16-ஆம் நாள் பிரெடெரிக்கின் படை, அவளுக்குரிய சைலீசியாவுக்குள் புகுந்தது! நூலின் மை உலர்ந்ததோ இல்லையோ, நேர்மை உலர்ந்துவிட்டது. நரியைத் திட்டிக்கொண்டே வரும் நரியைத்தான் நாம் முதலில் ஐயுற வேண்டும். சிசரோ எச்சரித்ததும் இதைத்தானே!

அப்படியானால் மாக்கியவெல்லி யாருக்காக எழுதினார்? 1762-இல் ரூசோ ஒரு விடை தந்தார். மன்னர்களுக்குப் பாடம் சொல்வதுபோல் காட்டி, மக்களுக்கே பெரும் பாடம் சொன்னார் என்றார். மாக்கியவெல்லியின் உள்ளக்கிடக்கை அதுதானா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். மன்னனின் காதில் ஓத வேண்டிய மறைபொருள் அச்சேறியது. கடைவீதியில் விற்கப்படும் மறைபொருள், மறைபொருளாக இருக்க முடியுமா?

சூழ்ச்சியின் ஏடு மேலைநாட்டில் மட்டுமா இருந்தது? சந்திரகுப்த மௌரியனின் அமைச்சர் என்று மரபு கூறும் கௌடில்யரின் பெயரால் வழங்குவது அர்த்தசாஸ்திரம். தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் தந்த ஓலைச்சுவடியைக் கொண்டு, மைசூரில் சாமசாஸ்திரி அதனை 1909-இல் பதிப்பித்தார். இதனோடு ஒப்பிட்டால் மாக்கியவெல்லி பாவமறியாதவர் என்று 1919-இல் செருமானிய அறிஞர் மாக்ஸ் வேபர் சொன்னார். கருவூலம் காலியானால் அரசன் என்ன செய்யலாம்? இரவோடு இரவாக ஒரு தெய்வத்தை எழுப்பி, விழா நடத்திப் பணம் திரட்டலாம். பருவமில்லாத பருவத்தில் கோயில் தோட்டத்து மரம் பூத்ததைக் காட்டித் தெய்வம் வந்ததாகப் பரப்பலாம். சுரங்கவழி உள்ள கிணற்றில் பல தலைப் பாம்பைக் காட்டிக் காசு வாங்கலாம். நம்பாதவன் ஒருவன் இருந்தால்? நீரில் நஞ்சு கலந்து கொடுத்து, தெய்வத்தின் சாபம் என்று ஒற்றர்கள் சொல்லலாம்! இவை நாம் கட்டிய கதைகள் அல்ல. கருவூலத்தை நிரப்பும் வழிகளாக அந்நூலின் ஐந்தாம் அதிகரணத்திலேயே இடம் பெற்றவை. ஐயம் கொண்டவனைக் கொல்லும் வழி எதற்கு? ஐயம் ஒன்றுதான் இந்தச் சூழ்ச்சியின் முதலுக்கே மோசம் செய்வது, அதனால்தான்!

நம் வள்ளுவரும் தோலைப் பற்றிப் பேசினார். தவவேடத்தில் ஒளிந்து தவறு செய்பவனை, புலித்தோலைப் போர்த்துக்கொண்டு பயிரில் இறங்கிய மாட்டுக்கு ஒப்பிட்டார். வஞ்சகத்தால் சேர்த்த பொருளைச் சுடாத பானையில் ஊற்றிய தண்ணீர் என்றார். அதே வள்ளுவர், ஒற்றர் துறவியின் கோலம் பூண்டு செல்வதை ஒப்பினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அரசு என்று வந்துவிட்டால், அறநூலிலும் நரிக்கு ஓர் ஓரத்தில் இடம் கிடைத்துவிடுகிறது. எவர் சொன்னாலும் சொன்னதை ஆராய வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பது நம் ஊர்ப்புறத்துப் பழமொழி. அலுத்துப்போன ஏழையின் வாய்மொழி அது. லைசாண்டரின் முதலீடும் அந்த அலுப்புத்தான்; கிணற்றுப் பாம்பைக் காட்டியவனின் முதலீடும் அதுதான். ஏமாறுபவன் இருக்கும்வரை ஏமாற்றுபவனுக்குக் குறைவில்லை என்று கண்டவர்கள் அவர்கள். மிலேட்டசில் மாண்ட 800 பேர் கோழைகள் அல்லர். ஆணையிட்டவன் இதற்குமுன் எத்தனை ஆணைகளைக் காத்தான் என்று கேட்க மறந்தவர்கள், அவ்வளவே.

மாக்கியவெல்லி நரிக்கு இரண்டு இயல்புகளைச் சொன்னார். ஒன்று, ஏமாற்றும் வாய். மற்றொன்று, கண்ணியைக் கண்டுகொள்ளும் கண். மன்னர்கள் வாயை எடுத்துக்கொண்டார்கள். கண்ணை மக்கள் எடுத்துக்கொள்ளத் தடை என்ன? இனிய சொல் காதில் விழும்போதெல்லாம் மூன்று கேள்விகள் கேட்போம்: சொல்பவன் யார்? இதனால் பயன் பெறுபவன் யார்? இவன் முன்பு சொன்னது என்ன ஆயிற்று? மேடையில் நிற்பவன் நமக்கு வேண்டியவனாக இருந்தாலும் கேட்போம். கேள்வி கேட்கும் ஊரில் நரித்தோல் விலைபோகாது.