கொடுங்கையூர் நாய்கள் சொல்லக்கூடிய வரலாறு

கொடுங்கையூரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1980களில் குப்பை கொட்டத் தொடங்கி சுமார் 350 ஏக்கருக்குப் பரந்துவிட்ட கிடங்கையும், அதற்கு வடக்கே மணலியில் 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் தவறாமல் குறிப்பிடுவார்கள். அவற்றின் புகையைச் சுவாசித்த உடம்புகளின் வரலாறும் எழுதப்பட வேண்டும். அதற்கு இந்தப் பகுதியின் வயதான வீட்டு நாய்களின் சிறுநீர் ஓர் ஆவணமாகும் என்பது என் வாதம். சூழல் தரும் நோயை நாயின் உடம்பில் தேடுவது புதுமையான எண்ணமல்ல. சாய ஆலைத் தொழிலாளர்கள் மூவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கட்டி வந்திருப்பதை 1895இல் பிராங்பர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் சுட்டிக்காட்டினார். 1938இல் அமெரிக்காவில் வில்ஹெல்ம் ஹூப்பர் குழு, சாயத் தயாரிப்பில் பயன்பட்ட பீட்டா-நாஃப்தைலமைனை நாய்களுக்குக் கொடுத்தது. சுமார் இரண்டே ஆண்டுகளில் அவற்றுக்கும் அதே கட்டி வந்தது. ஆய்வுக்கூடத்தில் அந்த நாய்கள் பட்ட வேதனையின்மேல்தான் இந்த அறிவு நிற்கிறது. ஆலைகள் மிகுந்த மாவட்டங்களின் வீட்டு நாய்களிடம் இந்நோய் மிகுந்திருப்பதை 1981இல் ஹேய்ஸ் குழு காட்டியது. நாய் பீடி குடிப்பதில்லை, ஆலை வேலைக்குப் போவதுமில்லை. நாம் குடியிருக்கும் தெருவில்தான் அதுவும் கிடக்கிறது.

நோயைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நாய் காலைத் தூக்கி முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்யும். சிறுநீரில் இரத்தம் கலந்திருக்கும். கிருமித் தொற்று என்று மருந்து கொடுப்பார்கள், சில நாள் குறையும், மறுபடி வரும். வயிற்றின் வழியாக ஊசி செலுத்திக் கட்டியைச் சோதித்தால் புற்றணுக்கள் ஊசி போன வழியில் பரவும் ஆபத்தும் உண்டு. 2015இல் வெளியான ஆய்வுகள் இந்த நிலையை மாற்றின. நோயுற்ற நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்குக்கு பிராஃப் என்ற மரபணுவில் ஒரே இடத்தில் மாற்றம் இருக்கிறது; கட்டியிலிருந்து உதிரும் அணுக்கள் வழியாக அது சிறுநீரிலேயே தெரிகிறது. நாய் பெய்யும்போது ஒரு டப்பாவில் பிடித்தால் போதும். இரத்தமோ கிருமியோ கலந்திருந்தாலும் சோதனை பிசகாது.

இந்நோய் பரம்பரையால் வருவது, ஸ்காட்டிஷ் டெரியருக்கு மற்ற நாய்களைவிட 18 முதல் 20 மடங்கு அதிகம் வருகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே இனத்துக்குள்ளேயே, களைக்கொல்லி தெளித்த புல்தரையில் திரிந்தவற்றுக்கு நோய் கூடுதலாக வந்ததை கிளிக்மன் குழு 2004இல் காட்டியது. பரம்பரை இடம் கொடுத்தாலும் சூழல் கைகொடுக்கிறது. மரபணு மாற்றம் எந்தப் புகையால் வந்தது என்று அது சொல்வதில்லையே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஒரு நாயை வைத்துச் சொல்ல முடியாது என்பதை ஏற்கிறேன். நூற்றுக்கணக்கான நாய்களை முகவரியோடு பதிந்து, ஆலையோ கிடங்கோ இல்லாத பகுதி நாய்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இருக்கிறதா என்று தெரியும். மனிதர்களிடம் இந்நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் குடும்பங்கள் வீடு மாறிவிடும். நாயின் ஆயுள் குறுகியது, பெரும்பாலும் ஒரே தெருவிலேயே முடிகிறது. தெருநாய்கள் அவ்வளவு நாள் பிழைப்பதில்லை. ஆகவே கொடுங்கையூரின் எழில் நகரிலும் முத்தமிழ் நகரிலும் வீடுகளில் வளர்ந்து பத்து வயதைத் தொட்டவற்றிலிருந்தே தொடங்க வேண்டும். இந்தப் பணியை ஏற்கக்கூடிய, 1903இல் பிறந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. அதன் பல்கலைக்கழகம் அடுத்த ஊரான மாதவரத்தில்.