பயறு முதல் நுரையீரல் வரை: புரதச்சிதைப்புத் தடுப்பான்களின் ஆய்வு வரலாறும் தீவகமும்

உணவிலுள்ள புரதத்தைச் சிதைக்கத் திரிப்சின் போன்ற நொதியங்கள் உண்டு. அந்த நொதியங்களை மறித்து நிறுத்தும் புரதங்களும் இயற்கையில் உண்டு. புரதச்சிதைப்புத் தடுப்பான்கள் எனப்படும் இவற்றை ஆய்வாளர்கள் நெடுங்காலம் உணவின் குறைபாடாகவே நோக்கினர். இதே இனத்துப் புரதமொன்று உடலில் குறைந்தால் மனிதர் நோயாளியாவர் என்பது 1963 இல்தான் துலங்கியது. இக்கட்டுரை அந்தத் திருப்பத்தின் வரலாற்றைத் தொடர்கிறது. யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு மக்களின் மூச்சு நோய்களைப் பரம்பரையைவிடப் புகையின் வழியாகவே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு.

பச்சைச் சோயாவை உண்ணும் எலிகள் சரிவர வளர்வதில்லை, அதையே அவித்துக் கொடுத்தால் வளர்கின்றன என்று 1917 இல் ஒஸ்போர்ணும் மென்டலும் காட்டினர். காரணங்களுள் ஒன்று 1945 இல் கைக்கு அகப்பட்டது. மோசஸ் குனிட்ஸ் சோயாவிலிருந்து ஒரு திரிப்சின் தடுப்பானைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார்.

எங்கள் பக்கத்து உணவுகளில் இந்த ஆய்வை முன்னெடுத்தவர் கமலா சோஹோனி. 1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் அவர் பெண் என்பதற்காகவே சி. வி. இராமன் இடமளிக்க மறுத்தார். சோஹோனி விடவில்லை, நிபந்தனைகளுடன் உள்ளே நுழைந்தார். 1939 இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். நீலகிரிக் குன்னூரின் ஊட்டச்சத்து ஆய்வுகூடத்தில் பணிபுரிந்தபின் பம்பாய் சென்று, சாதாரண மக்கள் உண்ணும் அவரை, பருப்பு வகைகளை ஆராய்ந்தார். அவரையிலும் டபிள் பீன்ஸிலும் உள்ள திரிப்சின் தடுப்பான்களைப் பளிங்கு வடிவில் பெற்ற செய்தியை 1955 இல் அம்பேயுடன் இணைந்து நேச்சர் இதழில் வெளியிட்டார். நீரா எனப்படும் பதநீரின் ஊட்டம் பற்றியும் அவர் ஆராய்ந்தார். அதையே கருப்பநீர் என்று குடித்து வளர்ந்த தீவகத்தார் சோஹோனியின் பெயரை அறிந்திருக்க வேண்டும். எங்கள் பாடநூல்களில் அவருக்கு இடமில்லாதது எனக்கு வருத்தமே.

பயற்றை இரவில் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, பின் நன்றாக அவித்து உண்பது எங்கள் வீட்டு வழக்கம். இவற்றுள் பெரும் வேலையைச் செய்வது அவிப்பதுதான். வெப்பத்தில் தடுப்பானின் மடிப்புக் குலைந்து, சதையியிலிருந்து வரும் திரிப்சின் தன் வேலையைத் தடையின்றிச் செய்கிறது. ஆக, இந்தக் கட்டம்வரை தடுப்பான் என்பது சமைத்து ஒழிக்கப்பட வேண்டிய ஒன்று.

மனிதக் குருதிக்கும் திரிப்சினைத் தடுக்கும் ஆற்றல் உண்டென 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெரிந்திருந்தது. அது உடலுக்கு எதற்கு என்ற கேள்விக்கு விடை சுவீடனின் மால்மோ நகரில் கிடைத்தது. குருதிப் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பட்டைகளாகப் பிரித்துப் பார்ப்பது அங்கே காள்-பேர்ட்டில் லோரெலின் அன்றாட வேலை. சில பட்டைத்தாள்களில் அல்பா-1 பட்டை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பார்த்துவிட்டு ஒதுக்கியிருக்கலாம், அவர் ஒதுக்கவில்லை. ஸ்டென் எரிக்சனுடன் சேர்ந்து அந்தக் குருதிக்கு உரியவர்களைத் தேடிப் பார்த்தார். 1963 இல் வெளியான அவர்களது கட்டுரையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். அவர்களில் மூவருக்கு எம்பசீமா, அதாவது நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் அழிந்துபோகும் நோய், இருந்தது. இல்லாமற்போன புரதம் அல்பா-1 அன்ரிதிரிப்சின்.

ஏறத்தாழ அதே காலத்தில் பிற்ஸ்பேர்க்கில் போல் குரோசும் குழுவினரும் எலிகளின் நுரையீரலுக்குள் பப்பெயினைச் செலுத்தினர், எம்பசீமா உண்டாயிற்று. பப்பெயின் வேறொன்றுமில்லை, பப்பாசிக் காயின் பாலிலுள்ள நொதியம். ஆட்டிறைச்சி பதமாக வேக ஒரு துண்டுப் பப்பாசிக் காயைப் போடுகிறோமே, அதே பொருள்தான். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை அதை ஏற்றுமதியும் செய்தது. இந்த இரு கண்டுபிடிப்புகளையும் அருகருகே வைத்தபோது நோயின் வழி தெரிந்தது. எங்கள் வெண்குழியங்களே எலாஸ்டேஸ் என்னும் நொதியத்தை வெளிவிடுகின்றன. அதை அடக்க அன்ரிதிரிப்சின் போதாவிட்டால் அது நுரையீரலின் மீள்தன்மை இழைகளையே அறுத்துவிடும்.

அடக்கும் விதம் வியப்புக்குரியது. தடுப்பானின் உடலிலிருந்து ஒரு கண்ணி வெளியே நீண்டிருக்கும். நொதியம் அதை வெட்டிய கணத்தில் எலிப்பொறி விழுவதுபோலத் தடுப்பானின் வடிவம் மாறி, நொதியம் உருக்குலைந்து சிக்கிக்கொள்ளும். கண்ணியில் 358ஆம் இடத்தில் இருப்பது மெதியோனின் என்ற அமினோ அமிலம். அந்த ஒரு இடத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை 1983 இல் ரொபின் கரெல் முதலானோர் வெளியிட்ட கட்டுரை காட்டியது. ஒரு சிறுவனுக்கு மெதியோனினுக்குப் பதில் ஆர்ஜினின் அமைந்திருந்தது. அவனது அன்ரிதிரிப்சின் எலாஸ்டேசை விட்டுவிட்டு, குருதி உறைவதற்கு வேண்டிய திரொம்பினைத் தடுத்தது. குருதிப்பெருக்கால் அவன் 14 வயதில் இறந்தான்.

தீவகத்துக்கு நெருக்கமான கண்டுபிடிப்பும் இதே மெதியோனினைப் பற்றியது. 1970களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் டிராவிஸ் உள்ளிட்டோர், அது ஒட்சியேற்றப்பட்டால் தடுப்பான் எலாஸ்டேசைப் பிடிக்கும் வலுவைப் பெரிதும் இழக்கிறது எனக் காட்டினர். புகையிலைப் புகையில் ஒட்சியேற்றிகள் நிறைய உண்டு. அதே புகை வெண்குழியங்களையும் நுரையீரலுக்கு இழுத்து வருகிறது. நொதியம் கூடுகிறது, தடுப்பான் பழுதாகிறது. இந்த விளக்கம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பெருவிழுங்கிகள் என்னும் வேறொரு வகை வெண்குழியங்களின் எலாஸ்டேஸ் இல்லாத எலிகள் புகையிலிருந்து தப்பின என்று 1997 இல் ஷப்பிரோவின் குழு கண்டது. இந்த இரு எலாஸ்டேஸ்களில் ஒன்று மற்றதன் தடுப்பானைச் சிதைப்பதும் பின்னர் தெரிந்தது.

பரம்பரையாக வரும் கடுமையான அன்ரிதிரிப்சின் குறைபாட்டுக்குப் பெரும்பாலும் காரணமாகும் பரம்பரையலகின் இசட் வகை வட ஐரோப்பியரிடமே மிகுதி. தெற்காசியரிடம் மிக அரிது. எனவே எங்கள் கிளினிக்குகளில் அந்தப் பரம்பரையலகைத் தேடுவதால் பெரும்பாலானோருக்குப் பயனில்லை. தேட வேண்டியது புகையை. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர்வரை போன பண்டம். வேலணைத் தோட்டங்களும் சுருட்டுக் கொட்டில்களும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. சுருட்டுப் புகைத்த முதியவர்களுள் பெண்களும் இருந்தனர்.

சுருட்டையே தொடாத பெண்களை இந்தக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. பனையின் காவோலை, பன்னாடை, கொக்கறை, ஊமல் எரியும் அடுப்பின் முன் ஆண்டுக்கணக்காக அமர்ந்தவர்கள் அவர்கள். விறகும் ஓலையும் எரியும் புகை நாட்பட்ட சுவாச அடைப்பு நோயை உண்டாக்கும் என்பது உலகளவில் ஏற்கப்பட்டது. ஆனால் மூச்சு வாங்குகிறது என்று வரும் ஆச்சிக்குத் தொய்வு (ஆஸ்துமா) என்று பெயர் சொல்லி மருந்து கொடுத்து அனுப்புவது எளிது. அன்ரிதிரிப்சினையே மருந்தாக ஏற்றுவதும் இவர்களுக்கு வழியல்ல. 1987 முதல் அமெரிக்காவில் ஊசி வழி ஏற்ற அனுமதிக்கப்பட்ட அன்ரிதிரிப்சின், பரம்பரைக் குறைபாடு உள்ளோருக்கான மருந்து. புகையால் நுரையீரல் கெட்டவருக்கு அல்ல. ஆணிடம் எத்தனை வருடம் சுருட்டுக் குடித்தீர்கள் என்று கேட்கும் மருத்துவர், பெண்ணிடம் எத்தனை வருடம் எந்த அடுப்பில் சமைத்தீர்கள், குசினிக்குப் புகைபோக்கி இருந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊதிப் பார்க்கும் மூச்சளவுச் சோதனையை நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் அவர்களுக்குச் செய்து பார்க்க வேண்டும்.