வகுத்தற் கணக்கில் நேர்ந்த வழு

தராசில் இடும் படிக்கல்லொன்று சரியான நிறையினின்றும் ஒரு குன்றிமணி அளவு குறைந்திருக்குமாயின், அதனால் வாங்குவோனுக்கு ஏற்படும் நட்டம் ஒரு சதந்தானும் ஆகாது. ஆயினும் அச்செய்தி சந்தையிலே பரவிவிட்டால் மறுநாள் அவ்வணிகனின் கடையை நாடிச் செல்வோர் எத்தனை பேர்? 1994ஆம் ஆண்டின் பிற்கூற்றில் அமெரிக்க நாட்டின் பெரியதொரு கம்பனி இவ்வினாவுக்கு விடை காண நேர்ந்தது. அவ்விடைக்கு அது கொடுத்த விலை 47 கோடி 50 இலட்சம் டொலர்.

அக்கம்பனியின் பெயர் இன்ரெல். 1968இல் கலிபோர்ணியா மாநிலத்தில் நிறுவப்பெற்றது. கணனியின் மூளை எனத்தக்க சில்லுகளைச் செய்வது அதன் தொழில். சில்லு என்பது கணனியின் உள்ளே ஒளிந்து கிடக்கும் பொருள். அதனைச் செய்தவர் யாவர் என்று வாங்குவோர் கேட்பதில்லை. பெட்டியைச் செய்தவரின் பெயரையே அறிந்திருந்தனர். இந்நிலையை மாற்றக் கருதிய இன்ரெல் 1991 தொடக்கம் பெரும் பொருட்செலவில் விளம்பரம் செய்து, தன் பெயரைக் கணனிகளின் வெளிப்புறத்திலும் ஒட்டச்செய்தது. தன் பெயரை ஊரறிய வாசலிலே எழுதிவைப்பவனின் வாசலுக்கே வழக்கும் வந்துசேரும் என்பதை அக்காலத்தில் அவர்கள் எண்ணினரோ, அறியோம்.

1993இல் 'பென்ரியம்' என்னும் புதிய சில்லு சந்தைக்கு வந்தது. முப்பத்தொரு இலட்சம் திரான்சிற்றர்களை அடக்கிய அச்சில்லு முன்னையவற்றிலும் மிக்க வேகமுடையது. அதனுள்ளே ஒரு வழு இருந்தது.

அதனை உலகறியச் செய்தவர் வேர்ஜினியா மாநிலத்து லிஞ்ச்பேர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி. 11, 13 என்பன போலவும், 17, 19 என்பன போலவும் இரண்டே வேறுபாட்டுடன் வரும் முதன்மை எண்களை இரட்டை முதன்மை எண்கள் என்பர். இவற்றின் நிகர்மாறுகளை எல்லையின்றிக் கூட்டினும் கூட்டுத்தொகை ஓர் எல்லைக்குள்ளேயே அடங்கும் என்று நோர்வே நாட்டுக் கணிதர் விகோ புறூண் 1919இல் நிறுவியிருந்தார். அத்தொகையின் பெறுமானத்தைக் கணித்துக்கொண்டிருந்த நைஸ்லி, 1994 யூன் மாதத்தில் தம் விடைகள் ஒன்றோடொன்று ஒவ்வாமையைக் கண்டார். தம் கணித முறையையும், தாம் எழுதிய கட்டளைகளையும், கணனியின் ஏனைய உறுப்புகளையும் ஒவ்வொன்றாக ஐயுற்று ஒவ்வொன்றாக விலக்கி வந்தார். இவ்வாறு நான்கு மாதம் கழிந்தது. 824633702441 என்னும் எண்ணின் நிகர்மாற்றைப் பென்ரியம் தவறாகத் தருகின்றது என்பதும், எட்டாம் பொருளுள்ள இலக்கத்தின் பின்வரும் இலக்கங்கள் யாவும் பிழை என்பதும் ஒக்ரோபரில் தெளிவாயின. கருவியைக் குறைகூறுமுன் தம்மையே முதலில் ஐயுற்ற அந்நான்கு மாதமே இக்கதையில் மெச்சத்தக்க பகுதி.

வழுவின் காரணம் எளிது. சிறுவர் வகுத்தல் செய்யும்போது வாய்பாட்டை நினைந்து ஈவின் ஒவ்வோரிலக்கத்தையும் ஊகித்தல் போல, பென்ரியமும் தன்னுள் பதித்த ஓர் அட்டவணையைப் பார்த்தே ஈவினைப் பெறும். அவ்வட்டவணையில் 1066 இடங்கள் நிரப்பப்பட வேண்டியவை. அவற்றுள் ஐந்து இடங்களில் இரண்டு என்று இருக்கவேண்டியது வெறுமையாய் விடப்பட்டதால் பூச்சியமாயிற்று. குறித்த சில எண்கள் வகுபடும்போது மட்டுமே அவ்விடங்கள் எட்டப்படும். ஆதலின் கோடிக்கணக்கான கணக்குகள் செவ்வையாகவே நடந்தன.

ஒக்ரோபர் 24ஆம் நாள் நைஸ்லி கம்பனிக்கு அறிவித்தார். கம்பனியோ தன் சோதனைகளின் வாயிலாக அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே இவ்வழுவை அறிந்திருந்தது. இனிச் செய்யும் சில்லுகளில் திருத்தவும் முற்பட்டிருந்தது. ஆனால், முன்னரே விற்றவற்றைப் பற்றி வாங்கினோருக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. நவம்பரில் செய்தி பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் எட்டியபோது கம்பனி கூறிய விடை இது: தொள்ளாயிரங் கோடி வகுத்தல்களில் ஒன்றே பிழைக்கும், சாதாரணமாகக் கணக்குத்தாள் பயன்படுத்துவோர் 27,000 ஆண்டுகளில் ஒருமுறையே அதனைச் சந்திப்பர். நுண்ணிய கணக்குகள் செய்வோர் தம் தேவையை எடுத்துரைத்தால், ஆராய்ந்து மாற்றுச் சில்லு தரப்படும்.

இவ்விடையே நெருப்புக்கு நெய்யாயிற்று. கணக்கு முறையில் கம்பனியின் கூற்றைப் பெரிதும் குறைகூற முடியாது. ஆனால் வாடிக்கையாளர் கேட்ட கேள்வி வேறு. காசு கொடுத்து வாங்கிய பொருளில் உள்ள குறை பெரிதா, சிறிதா என்று தீர்ப்பது விற்றவனா, வாங்கியவனா? தன் வேலை இன்னது, அதற்கு நுட்பம் வேண்டும் என்று தொலைபேசியில் ஒருவர்முன் வாதாடி நிறுவினால்தான் நல்ல சில்லு கிடைக்கும் என்பது அவர்களுக்கு அவமதிப்பாகவே தோன்றியது. மேலும், எக்கணக்குப் பிழைத்தது என்பதைக் கணனி சொல்வதில்லை. பிழையான விடையும் சரியான விடையும் திரையில் ஒரே தோற்றத்துடனேயே வருகின்றன. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்னும் நம்மவர் வழக்கை அறியாதவராயினும், அவர்கள் நினைத்தது அதனையே.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வழுவை எவரும் தம் வீட்டிலேயே சோதித்தறியலாம். 4195835 என்னும் எண்ணை 3145727ஆல் வகுத்து, வந்த ஈவை அதே எண்ணால் பெருக்கி, அதனை முதலெண்ணிலிருந்து கழித்தால் எஞ்சுவது பூச்சியமாதல் வேண்டும். பழுதுற்ற சில்லு 256 என்று விடை தந்தது. தொள்ளாயிரங் கோடியில் ஒன்று என்ற பேச்சு, கண்ணெதிரே நின்ற அந்த 256க்கு ஈடுகொடுக்கவில்லை. கேலிக்கதைகளும் பெருகின. 486 என்னும் சில்லுக்கு அடுத்து வந்ததை 586 என்று அழையாது பென்ரியம் என்று பெயரிட்டது ஏன்? அச்சில்லைக் கொண்டே 486உடன் நூறைக் கூட்டிப் பார்த்தனராம், விடை 585.99 என்று வந்ததாம்!

டிசெம்பர் 12ஆம் நாள் ஐ.பி.எம். கம்பனி பென்ரியம் பூட்டிய தன் கணனிகளை அனுப்புவதை நிறுத்தியது. கணக்குத்தாளில் நாள்தோறும் வேலைசெய்வோர் 24 நாள்களுக்கு ஒருமுறை பிழையைச் சந்திக்கக்கூடும் என்பது அதன் மதிப்பீடு. 27,000 ஆண்டுகள் எங்கே, 24 நாள்கள் எங்கே! ஐ.பி.எம். தானும் போட்டிச் சில்லொன்றை ஆக்கும் முயற்சியிற் பங்குகொண்டிருந்தமையால் அதன் மதிப்பீட்டையும் முற்றாக நம்புவதற்கில்லை. எனினும் பொதுமக்கள் அதனை நம்பினர்.

எட்டு நாள் கழித்து, டிசெம்பர் 20ஆம் நாள், இன்ரெல் பணிந்தது. கேட்போர் எவராயினும், காரணம் யாதும் வினாவாது, கணனியின் ஆயுட்காலத்தில் எப்போதாயினும் இலவசமாகச் சில்லை மாற்றித் தருவதாக அறிவித்தது. பத்திரிகைகளில் முழுப்பக்க மன்னிப்பும் வெளியாயிற்று. தலைவர் அன்றூ குறோவ் முதலிய மூவர் அதில் ஒப்பமிட்டிருந்தனர். அங்கேரியிலே பிறந்து, 1956ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் அகதியாக அமெரிக்கா புகுந்தவர் குறோவ். பொறியியலாளர் கண்கொண்டு மட்டுமே இதனைப் பார்த்ததையும், தம் வாடிக்கையாளர் பெட்டி செய்வோர் அல்லர், பெட்டியை வாங்கும் மக்களே என்ற நிலை தாம் அறியாமலே வந்துவிட்டதையும் அவர் 1996இல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலே விரித்துரைத்தார்.

வியப்பு யாதெனில், கேட்டவர்க்கெல்லாம் தரப்படும் என்ற பின்னர், வீடுகளில் கணனி வைத்திருந்தோரிற் பெரும்பாலார் சில்லை மாற்றிக்கொள்ள முன்வரவேயில்லை. அவர்கள் வேண்டியது சில்லை அன்று. தரமாட்டோம் என்ற சொல்லை மாற்றுவதையே. தொடக்கத்திலேயே அதனைக் கூறியிருப்பின் செலவு எவ்வளவோ சுருங்கியிருக்கும். திரும்பிவந்த சில்லுகளிற் சில சாவிக்கோவைகளாகச் செய்யப்பட்டுக் கம்பனி ஊழியர்க்கு வழங்கப்பட்டன. பின்வந்த காலத்தில், தன் சில்லுகளில் அறியப்பட்ட வழுக்களின் பட்டியலைக் கம்பனி தானாகவே வெளியிடலாயிற்று.

பேராசிரியர் நைஸ்லி தம் முதன்மை எண்களிடமே மீண்டார். 2019இல் அவர் காலமானார். 1994க்குப் பின் அவர் தம் கணிப்புகளை வெவ்வேறு கணனிகளில் இருமுறை செய்து, இரு விடைகளும் ஒத்த பின்னரே ஏற்றுக்கொண்டார்.